அம்மாவுடன் பிசினஸ் கிளாஸில் லண்டனுக்கு

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு நாலு மணி நேரம், அங்கிருந்து இன்னும் ஏழு மணி நேரம். சேமிப்பில் கை வைத்து இருவருக்கும் பிசினஸ் கிளாஸ் எடுத்தேன்.

முதல் விமானத்தில் மனசு சோர்ந்துவிட்டது. வரிசைக்கு 2-3-2 என ஏழு இருக்கைகள். எனக்கு நடுவில் மாட்டியது. எவ்வளவு சாய்த்தாலும் இருக்கை சரிவாகவே நின்றது. அம்மா வழுக்கி வழுக்கிக் கீழே வந்தார். முன்பே சொல்லியிருந்த சைவச் சாப்பாடும் வரவில்லை. பணிப்பெண் மன்னிப்புக் கேட்டு, பழமும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். அவர்மேல் குறை இல்லை.

இரண்டாவது, போயிங் 787. 1-2-1 அமைப்பு என்பதால் யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். இருக்கை முழுப் படுக்கையாகவே விரிந்தது. இந்த விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு இணையாக இருக்கும். பழைய ரகங்களில் 8,000 அடி வரை போகும். இந்த அடிக் கணக்கு குறைவாக இருந்தால் உடம்புக்கு அலுப்பும் குறைவு. அம்மா நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினார். போன முறை எகானமியில் வந்து இறங்கியபோது பாதம் வீங்கி, செருப்பே நுழையவில்லை. இந்த முறை அவரே நடந்து வந்தார். அதைப் பார்த்ததும் கொடுத்த பணம் எனக்கு உறுத்தவில்லை.

டிக்கெட் எடுக்கும்முன் விமான ரகத்தையும் இருக்கை வரைபடத்தையும் கட்டாயம் பாருங்கள். திரும்பும்போது வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வரும் நாலு மணி நேரத்துக்கு மட்டும் எகானமி போட்டிருக்கிறேன், அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கையாக.