ஜிப் கவரில் காற்றை எடுப்பது: தண்ணீர் வாளி போதுமா, மெஷின் வேண்டுமா?

வாரம் ஒரு முறை கறியோ மீனோ வாங்கி ப்ரீசரில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் சமைத்துத் தீர்த்துவிடும் வீட்டுக்கு, கவரில் காற்றை எடுக்கக் கெட்டியான ஜிப் கவரும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். காற்றை உறிஞ்சிவிட்டுக் கவரின் வாயைச் சூட்டில் ஒட்டும் வாக்குவம் சீல் மெஷின், ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கமிருந்து மொத்தமாக மீன் வரவழைப்பவர்களுக்கும், கிடாவெட்டு முடிந்து பங்குக்கறி கிலோ கணக்கில் வந்து சேரும் குடும்பங்களுக்கும்தான் போட்ட காசைத் திருப்பித் தரும். கைப்பம்பும், அதை வைத்துக் காற்றை இழுக்க ரப்பர் வால்வு பொருத்திய கவரும் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நீண்ட நாள் புழக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது அவைதான்.

ப்ரீசரில் வைத்த கறியின் ஓரம் வெளுத்துச் சக்கையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே உறைந்த பனி, தண்ணீராக மாறாமலே நேராக ஆவியாகிப் போவதால் வருவது அது. கவருக்குள் காலி இடம் இருந்தால் அந்த ஆவி அங்கே பரவி, கவரின் உட்பக்கத்தில் பனித்தூளாக ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூள் வெளியிலிருந்து வந்ததல்ல, கறியை விட்டுப் போன ஈரம். மீனில் இன்னொரு கேடும் சேரும். சாளை, அயிலை போன்ற கொழுப்பு மீன்களில் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து சிக்கு வாடை அடிக்கும். குளிர் இதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஆகவே கொழுப்பு மீனை 2, 3 மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். விளமீன் போன்ற கொழுப்புக் குறைந்த மீன் 6 மாதம் தாங்கும். இரண்டு கணக்குமே ப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்கிறது என்ற கணக்கில்தான்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். பனி கட்டாமலிருக்க அதில் ஒரு ஹீட்டர் அவ்வப்போது ஓடும். அப்போது உள்ளே சூடு சற்று ஏறி இறங்கும், உலர்ந்த காற்றும் சுற்றிக்கொண்டே இருக்கும். காற்றோடு கட்டிய கவர் அதில் சீக்கிரம் கெடும். பனிமலை கட்டி எரிச்சல் தருகிற பழைய டைரக்ட் கூல் பெட்டி இந்த ஒரு விஷயத்தில் மேல்.

தண்ணீர் முறைக்கு வருவோம். கவர் வாங்கும்போது ப்ரீசருக்கென்றே விற்பதாக, விரலால் தடவினால் கெட்டியாகத் தெரிவதாகப் பாருங்கள். சாண்ட்விச் கவர் என்று வரும் மெல்லிசு ரகம் குளிரில் விறைத்து மடிப்பில் கிழியும். கவரின் வாயை வெளிப்பக்கமாக நான்கு விரல் அகலம் மடித்துவிட்டு உள்ளே நிரப்ப வேண்டும். தேங்காய்த் துருவலோ மஞ்சள் தடவிய கறியோ ஜிப் பள்ளத்தில் ஒரு துளி ஒட்டினாலும் அந்த இடம் மூடாது. நிரப்பியதும் மடிப்பைப் பிரித்து, உள்ளே இருப்பதை 2 அல்லது 3 செ.மீ. கனத்துக்குப் பரத்தி, ஒரு மூலையில் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஜிப்பை மூடுங்கள். பிறகு கவரை வாளியில் மெதுவாக இறக்கவும். தண்ணீர் சுற்றிலும் அமுக்க, காற்று அந்த மூலை வழியாக ஏறி வெளியேறும். ஜிப் பட்டைக்குக் கீழே ஒரு விரல் வரை இறங்கியதும் மூலையை அழுத்தி மூடி, வெளியே எடுத்துத் துடைத்து, தட்டில் படுக்க வைத்து உறைய விடுங்கள். துடைக்காமல் வைத்தால் கவர் தட்டோடு ஒட்டி, பிடுங்கும்போது பொத்துக்கொள்ளும்.

சித்திரை, வைகாசியில் மதுரையில் மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அதில் கறிக் கவரை முக்கக் கூடாது. விடியற்காலைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஐஸ் கட்டி போடலாம்.

இந்த முறையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 20 செ.மீ. ஆழத்துத் தண்ணீரின் அழுத்தம் காற்றழுத்தத்தில் சுமார் 50ல் ஒரு பங்குதான். அது கவரைப் பொருளின் மேல் படிய வைக்கும், துண்டுகளுக்கு நடுவிலிருக்கும் காற்றை உறிஞ்சாது. எலும்பில்லாத கறி, கொத்துக்கறி, தேங்காய்த் துருவல், வேகவைத்த பருப்பு, குழம்பு எல்லாம் அருமையாக வரும். கோழிக்கால், நண்டு மாதிரி கோணல் மாணலானவற்றில் பொந்து நிற்கும். கவரை லேசாகச் சாய்த்து இறக்கினால் ஓரளவு குறையும். குழம்புக்கு மட்டும் கவரை முக்கால் பாகத்தோடு நிறுத்துங்கள், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும்.

ஸ்ட்ரா வைத்து வாயால் உறிஞ்சும் வழக்கம் ஒன்று உண்டு. பட்டாணிக்குப் பரவாயில்லை என்று சொல்லலாம். பச்சைக் கறிக்கும் மீனுக்கும் வேண்டாம், ரத்தநீர் வாய்க்கு வரும், எச்சில் கவருக்குள் போகும்.

கைப்பம்பு முதல் நாள் அழகாக இழுக்கும். கவர் பொருளோடு இறுகி நிற்கும். வாரங்கள் போகப் போக வால்வின் ரப்பர் குளிரில் விறைத்து, மெல்ல மெல்லக் காற்று உள்ளே இறங்கிவிடும். ஈரம் வால்வில் ஏறி உறைந்துவிட்டால் முதல் நாளே கசியும். இந்தக் கவரைத்தான் வாங்கியாயிற்று என்றால், வால்வுக்குக் கீழே கறி படாமல் தள்ளி அடுக்குங்கள். சில நாளில் திரும்ப எடுக்கிற காய்கறிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மெஷினில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கவர்தான். வீட்டு மெஷின்கள் கவரின் வாயை மட்டும் கவ்வி இழுப்பவை. அவற்றுக்கு உள்பக்கம் வரிவரியாக மேடு பள்ளம் உள்ள கவர்தான் வேலை செய்யும். வழுவழுப்பான கவரைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு காற்று போக வழியிருக்காது. மெஷின் பழுதோ என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்களில் பலருக்கு இதுதான் விஷயமாக இருக்கும். ரோலாக வாங்கி வெட்டிக்கொண்டால் செலவு குறையும். பொருளுக்கு மேல் நான்கைந்து விரல் இடம் விட்டு வெட்டுங்கள்.

சீல் விடுபடுவதற்குப் பெரும்பாலும் ஈரமும் சுருக்கமும்தான் காரணம். கழுவிய கறியைக் கண் பாத்திரத்தில் அரை மணி நேரமாவது வடிய விட்டு, கவரின் வாயை உள்ளும் புறமும் துடைத்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து மெஷினில் வையுங்கள். ஒரு சீலுக்கு ஒட்டி இன்னொரு சீல் போடுவது நல்லது. மசாலா தடவிய கறி, கூழான பொருள் எதையும் நேராக மெஷினில் வைத்தால் நீர் பம்புக்குள் போய் மோட்டாரைக் கெடுக்கும். தட்டில் 3, 4 மணி நேரம் உறைய வைத்துவிட்டுப் பிறகு சீல் போடுங்கள். இட்லி, பரோட்டா மாதிரி மெத்தென்றிருப்பதற்கும் இதே வழிதான், இல்லையென்றால் நசுங்கிப் பலகையாகிவிடும்.

நல்லி எலும்பும் நெஞ்செலும்பும் வெட்டிய முனையால் கவரைப் பொத்துவிடும். பொத்தது உடனே தெரியாது, மறுநாள் கவர் தளர்ந்திருக்கும். கூரான முனைகளை பட்டர் பேப்பரால் சுற்றிவிட்டு அடுக்குங்கள். தொடர்ந்து சீல் போடும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஆற விட வேண்டும். சூடு ஏறினால் சீல் கோடு உருகி மெலிந்து அறுந்துவிடும். ஹீட்டர் கம்பி மேலுள்ள டெப்லான் டேப் கருகினால் டேப்பை மாற்றினால் போதும். வேலை முடிந்ததும் மூடியைப் பூட்டி வைக்காதீர்கள், பஞ்சு ரப்பர் அமுங்கியே கிடந்து உறிஞ்சும் திறனை இழக்கும். இழுவை குறைந்தால் முதலில் அந்த ரப்பரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் பாருங்கள்.

ஞாயிறு காலை மதுரை நெல்பேட்டையிலோ தெருமுனைக் கடையிலோ வாங்கும் ஆட்டுக்கறி அறுத்து சில மணி நேரமே ஆனது. அதை அப்படியே உறைய வைத்தால், எடுத்துச் சமைக்கும்போது ரப்பராக இழுக்கும். தசை விறைத்துத் தளர்வதற்கு முன்பே உறைந்துவிடுவதுதான் காரணம். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி ஒரு நாள் வைத்துவிட்டு ப்ரீசருக்கு மாற்றுங்கள். ஈரலுக்கும் சுவரொட்டிக்கும் இந்தக் காத்திருப்பு கிடையாது, அன்றே சமைப்பதே நல்லது.

60 லிட்டர் ப்ரீசரில் ஒரு நாளைக்கு 2 அல்லது 3 கிலோ புதுச் சரக்குக்கு மேல் ஏற்றாதீர்கள். மெதுவாக உறைந்தால் பெரிய பனித்துகள் உருவாகி, கறி இளகும்போது சாறெல்லாம் வடிந்துவிடும். காற்றை எவ்வளவு எடுத்தாலும் அது இதற்கு மருந்தாகாது.

காய்களில் பட்டாணியைக் கொதிநீரில் ஒன்றரை நிமிடமும் பீன்ஸை 3 நிமிடமும் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, நன்றாக உலர்த்தியபின் கட்டுங்கள். பச்சையாக வைத்தால் காயின் நொதிகள் குளிரிலும் நிறத்தையும் மணத்தையும் தின்னும். பச்சைக் காளானையும் உரித்த பூண்டையும் வாக்குவம் செய்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கவே கூடாது. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் கிருமிக்கு அது தோதான இடம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக பகல் முழுவதும் கரண்ட் நிறுத்தும் நாளில் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். தட்டையாக உறைந்த கவர்களை இடைவெளியின்றி ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தியிருந்தால் குளிர் இன்னும் நேரம் நிற்கும். முந்தின நாளே காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துவிடலாம்.

வாக்குவம் போட்ட மீனை இளக்கும்போது மட்டும் ஒரு விதி: முதலில் கவரைக் கத்தரித்துத் திறந்துவிட வேண்டும். மேலே சொன்ன கிருமியின் ஒரு வகை பிரிட்ஜ் குளிரிலும் காற்றில்லாமல் வளரக்கூடியது. திறந்த மீனைக் கிண்ணத்தில் போட்டு மூடி, இரவு கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் குழம்புக்குத் தயார். பச்சைக் கறி, மீன் கட்டிய கவரைக் கழுவி மறுபடி புழங்க வேண்டாம். காய் கட்டிய ஜிப் கவரைக் கழுவி, உள்பக்கம் வெளியே திருப்பிக் காயவைத்து, ஜிப் நழுவத் தொடங்கும் வரை பயன்படுத்தலாம்.