குன்னூர் ஈரத்தில் மூன்று தலைகளும் நான்கு சீப்புகளும்

எங்கள் வீட்டில் மூன்று விதமான தலைமுடி உண்டு: எனக்கு மெல்லிய கோரைமுடி, மகளுக்கு இடுப்பைத் தொடும் அடர்ந்த சுருள்முடி, அம்மாவுக்கு நரைத்து அடர்த்தி குறைந்துவிட்ட முடி. மூவரும் ஒரே சீப்பால் வாரி வந்தோம். சென்ற ஐப்பசியில் குன்னூர்க் கடைவீதியில் மூன்று பிரஷ்களையும் அகன்ற பல் கொண்ட வேப்பமரச் சீப்பொன்றையும் வாங்கி, தை முடியும்வரை பயன்படுத்திப் பார்த்தேன்.

முதலில் ஏமாற்றியது, ரப்பர் மெத்தையில் நைலான் குச்சிகள் பதித்த பட்டையான பிரஷ். என் முடிக்கு இதமாகவே இருந்தது. மகளின் சுருளையோ பிரித்துப் பஞ்சாகப் பறக்கவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, மெத்தையிலுள்ள காற்றுத் துளை. கழுவும்போது அதன் வழியே புகுந்த நீர், நாள் முழுதும் மேகம் இறங்கி நிற்கும் கார்த்திகையில் வெளியேறவே இல்லை. இரண்டு வாரத்தில் பூஞ்சை நாற்றம் வந்துவிட்டது. தண்ணீரில் முக்கியது என் தவறுதான். ஈரத்துணியால் துடைத்து, குச்சிகள் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்திருக்க வேண்டும்.

மகளுக்கு வாய்த்தது, நெட்டையும் குட்டையுமாக வளையும் பற்களைக் கொண்ட, மெத்தையில்லாத பிளாஸ்டிக் சிக்கெடுக்கும் பிரஷ். முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது என்பதால் 60 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது 5 ஆண்டு. அத்தனை காலம் தேய்ந்து சொரசொரப்பான அந்த நுனியில்தான் சிக்கு சேர்கிறது. நனைந்த முடி எளிதில் இழுபட்டு அறுந்தும் போகும். சமவெளியில் தலை காயும்வரை பொறுத்திருக்கலாம். இங்கோ காலையில் குளித்த தலை பள்ளிப் பேருந்து வரும்போதும் ஈரமாகவே இருக்கிறது. ஆகவே கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே, நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறி வாருகிறோம். பற்கள் வளைந்து கொடுப்பதால் அழுகை நின்றது. உதறி வைத்தால் பிரஷும் விரைவில் காய்கிறது. ஆனால் உறைபனிக் காலத்தின் வறண்ட காலைகளில், உராய்வில் எழும் நிலைமின்சாரத்தால் என் மெல்லிய முடி அதனோடு ஒட்டிக்கொண்டு எழுந்து நின்றது.

மரச்சீப்பில் அந்தத் தொல்லை எனக்கு ஏற்படவில்லை. அம்மாவுக்கும் அதுவே பிடித்துப்போனது, குளியலறையில் விட்டுவைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. வாங்கும்முன் எந்தச் சீப்பையும் மணிக்கட்டின் உட்புறம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அங்கே கீறுவது தலையிலும் கீறும். வார்ப்பில் செய்த மலிவான பிளாஸ்டிக் சீப்புகளில் பற்களின் ஓரத்து விளிம்பு பெரும்பாலும் இப்படித்தான் உறுத்துகிறது.

நான்காவது, பன்றிமுடி பதித்த பிரஷ். நான்கிலும் விலை அதிகம் இதற்குத்தான். சிக்கெடுக்க இது உதவாது. மகளின் அடர்ந்த முடிக்குள் நுழையாமல் மேலே வழுக்கிக்கொண்டே போயிற்று. சிக்கெடுத்து முடித்த உலர்ந்த கோரைமுடியில், உச்சந்தலையின் எண்ணெய்ப் பசையை நுனிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில் மற்ற மூன்றும் இதற்கு ஈடில்லை. எது பதித்திருக்கிறது என்று தெரிந்த நாள் முதல் அம்மா அதைத் தொட மறுக்கிறார்; அவர் கண்ணில் படாமல் என் அலமாரியில் வைத்திருக்கிறேன்.