லினக்ஸில் பிரின்டர்: கம்பெனி டிரைவரா, டிரைவரே இல்லாத வழியா?

உபுண்டு 22.04-ல் இருந்து 24.04-க்கு மாறிய அடுத்த ஞாயிறு காலை, மனைவியின் டியூஷன் சென்டருக்கு ஐம்பது வினாத்தாள் வேண்டும், எட்டு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், பிரின்ட் கொடுத்தால் பேப்பர் வரவே இல்லை. பிரின்டரில் பச்சை விளக்கு எரிகிறது, வைஃபை இணைப்பும் இருக்கிறது, கணினியில் மட்டும் வேலை நின்று கிடக்கிறது. அன்றைக்கு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். அந்த வாரமே பிரின்டரைக் கணினியோடு பேச வைக்கக் கம்பெனி கொடுத்த மென்பொருளான டிரைவரைத் தூக்கிவிட்டு டிரைவர் இல்லாத முறைக்கு மாறினேன். இரண்டையும் நன்றாகப் புழங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் அன்று நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து 631 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்தால் அதன் பக்கம் திறக்கும். பிரின்டர் தகராறு எதுவானாலும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் டெஸ்க்டாப்பின் அமைப்புப் பக்கம் பாதி விஷயத்தைக் காட்டாது. அங்கே என் வேலைக்கு நேராக ‘ஃபில்டர் ஃபெயில்ட்’ என்று இருந்தது. கம்பெனி கொடுத்த டிரைவருக்குள் பக்கத்தைப் பிரின்டரின் மொழிக்கு மாற்றும் ஃபில்டர் என்ற ஒரு சிறு நிரல் உண்டு. அது 32 பிட் காலத்தில் தொகுத்தது. அதற்குத் தேவையான 32 பிட் லைப்ரரியை அப்கிரேடு நீக்கியிருந்தது. பிரின்டரில் பழுது இல்லை, கேபிளில் பழுது இல்லை, என் கையில் மூல நிரல் இல்லாத ஒரு துண்டு நின்றுபோனதால் எல்லாம் நின்றது.

டிரைவர் இல்லாத முறை என்றால், ஐபிபி எவ்ரிவேர், ஆப்பிளின் ஏர்பிரின்ட் போன்ற பொது நெறிமுறைகள் வழியாக அச்சிடுவது. பிரின்டர்தான் ‘என்னால் ஏ4 முடியும், இருபக்கம் முடியும், வண்ணம் முடியும்’ என்று கணினியிடம் சொல்கிறது, அதற்கேற்பக் கப்ஸ் பக்கத்தைப் படமாக்கி அனுப்புகிறது. ஏர்பிரின்ட் 2010-ல் வந்தது, அதற்குப் பின் வந்த வைஃபை பிரின்டர்களில் பெரும்பாலானவை இதில் ஏதோ ஒன்றைப் பேசும். பெட்டியில் ஏர்பிரின்ட் அல்லது (ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான இதேபோன்ற ஏற்பாடான) மொப்ரியா முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாம். கைபேசியிலிருந்து தனி ஆப் போடாமலே பிரின்ட் வருகிறதென்றால் லினக்ஸிலும் வர நிறைய வாய்ப்பு உண்டு. யூஎஸ்பி கேபிளில் மாட்டினாலும், புதிய மாடல்களுக்கு ஐபிபி-யூஎஸ்பி என்ற சிறு சேவை இதே வேலையைச் செய்கிறது.

நிறுவும் வேகத்தில், அச்சின் தெளிவில், இருபக்க அச்சில் இரண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏ4 போட்டிருக்க கணினி லெட்டர் அளவு என்று நினைத்துக்கொண்டு பிரின்டர் விளக்கைச் சிமிட்டி நிற்பது இரண்டிலும் வரும், ஒருமுறை காகித அளவை மாற்றி வைத்தால் முடிந்தது.

தீர்மானிப்பது பராமரிப்புதான். வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையோ இயங்குதளத்தை மேம்படுத்துகிறோம், அப்போது எது நின்று தாங்கும் என்பதே கேள்வி. கம்பெனி டிரைவர் அந்தக் கம்பெனி அதைத் திரும்பத் தொகுத்துத் தரும் வரைதான் உயிரோடு இருக்கும், பிரின்டர் மாடல் பழசானால் தருவதையும் நிறுத்திவிடுவார்கள். டிரைவர் இல்லாத முறையில் என் கணினியில் அந்தப் பிரின்டருக்கென்று தனியாக எதுவுமே இல்லை, உடைவதற்கும் எதுவும் இல்லை. இப்போது பழைய முறையில் கட்டளை வழியாக ஒரு பிரின்டரைச் சேர்த்தால் ‘டிரைவர்கள் வழக்கொழிகின்றன, கப்ஸின் வருங்காலப் பதிப்பில் வேலை செய்யாது’ என்று கப்ஸே எச்சரிக்கை காட்டுகிறது. கப்ஸை எழுதிய மைக்கேல் ஸ்வீட் அதுவரை கப்ஸைத் தன் கையில் வைத்திருந்த ஆப்பிளை விட்டு 2019 கடைசியில் வெளியேறினார், பிறகு ஓப்பன்பிரின்டிங் குழு அதை எடுத்து வளர்த்து 2021-ல் 2.4 பதிப்பை வெளியிட்டது. அடுத்த பெரிய பதிப்பான 3.0-ல் பழைய வகை டிரைவர்களுக்கு இடமில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆக இன்று டிரைவரைப் பிடித்துத் தொங்கினாலும் நாளை விட்டுத்தான் ஆக வேண்டும்.

பராமரிப்பிலேயே இன்னொன்று, எங்கள் ஊர் மாதிரி அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் இருப்பவர்களுக்கு. கம்பெனியின் நிறுவல் நிரல் பிரின்டரின் ஐபி எண்ணை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரியை, அப்படியே எழுதி வைத்திருந்தது. கரண்ட் போய் வந்து ரவுட்டர் வேறு எண் கொடுத்தால் பிரின்டர் ‘காணோம்’. டிரைவர் இல்லாத முறை நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைக் கண்டுபிடிக்கும் அவாஹி என்ற சேவை மூலம் பெயரை வைத்துத் தேடுவதால் எண் மாறினாலும் கண்டுபிடித்துவிடுகிறது. இதற்கு ஃபயர்வாலில் யூடிபி 5353 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும், அதோடு ரவுட்டரில் கெஸ்ட் வைஃபையில் பிரின்டரை மாட்டிவிடக் கூடாது.

மாறும்போது ஓர் இடத்தில் எனக்கு அரை நாள் போனது. பழைய க்யூவை (கப்ஸில் அந்தப் பிரின்டருக்கான பதிவை) நீக்காமல் புதியதைச் சேர்த்தேன், ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு தெரிந்தன, அவசரத்தில் பழையதற்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். பழையதை முதலில் அழித்துவிடுங்கள். அப்புறம், யூஎஸ்பி-யில் ஐபிபி-யூஎஸ்பி சேவை ஓடிக்கொண்டிருந்தால் அது பிரின்டரைத் தன் கையில் வைத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் கம்பெனி டிரைவர் அதே பிரின்டரைப் பார்க்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஒரு பிழைக்குப் பின் க்யூ தானாக நின்றுவிட்டால், பிரின்டர் சரியான பிறகும் அது நின்றபடியே இருக்கும். 631 பக்கத்தில் ‘ரெஸ்யூம்’ அழுத்த வேண்டும், அதே பக்கத்தில் பிழைக்கொள்கையை ‘ரீட்ரை’ என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

கம்பெனி டிரைவருக்கு இன்னும் ஒரு பலம் இருக்கிறது. திரை இல்லாத மலிவான இங்க் டேங்க் மாடல்களில் ஹெட் சுத்தம் செய்வது, இங்க் அளவு பார்ப்பது எல்லாம் அதன் கருவியில்தான் சுலபம். இல்லாவிட்டால் பட்டனைப் பிடித்து அழுத்தும் வித்தையைக் கையேட்டில் தேட வேண்டும். போட்டோ அடிப்பவர்களுக்கு வண்ணத் திருத்தங்களும் டிரைவரில் கூடுதலாகக் கிடைக்கலாம். நான் அடிப்பது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை வினாத்தாள்தான், அதனால் போட்டோ விஷயத்தில் என் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பழைய யூஎஸ்பி லேசர் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதற்கு இந்தப் புது நெறிமுறை எதுவும் தெரியாது, திறந்த மூல டிரைவரில்தான் ஓடுகிறது, கம்பெனி கொடுத்ததைத் தொடவில்லை. கப்ஸ் 3.0 வரும்போது இந்த மாதிரிப் பழசுகள் நின்றுவிடாமல் இருக்க ஓப்பன்பிரின்டிங் குழு ‘பிரின்டர் அப்ளிகேஷன்’ என்ற வகை நிரல்களைத் தருகிறது. பழைய பிரின்டரைப் புதுப் பிரின்டர் போலக் கணினிக்குக் காட்டும் இடைநிரல் அது, குட்டன்பிரின்ட் என்ற திறந்த மூல டிரைவர்களை உள்ளடக்கிய ஒன்று உபுண்டுவின் ஸ்னாப் தொகுப்பாகவே கிடைக்கிறது. இதுவரை அதை ஓட்டிப் பார்க்கவில்லை, அடுத்த அப்கிரேடுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும், ஞாயிறு காலை இல்லை.