குளுவாங் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய என் அயர்ன் செட்

புதிய கோல்ஃப் செட்டின் விலையைக் கேட்டுவிட்டு, இது நமக்கு ஆகாத விளையாட்டு என்று ஒதுங்கிக்கொண்டவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது ஜொகூரில், குளுவாங் பக்கம். செம்பனை ஆலைப் பட்டறையில் வேலை. ஆடுவது பெரும்பாலும் தோட்டத்தை ஒட்டிய 9 குழித் திடலில். ஆறேழு வருடமாக என் பையில் இருப்பது ஜப்பானிய மிசுனோ நிறுவனத்தின் ஃபோர்ஜ்ட் (அடித்துச் செய்த) அயர்ன் செட், அதாவது தட்டையான எஃகுத் தலை மட்டைகள், 5ஆம் எண் முதல் பிட்சிங் வெட்ஜ் என்னும் குறுந்தூர மட்டை வரை. பழையதாக வாங்கியது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டையின் தலைக்குக் கொடுக்கும் காசைக் குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் காசை அதை உங்கள் கைக்கும் நம் மண்ணுக்கும் பொருத்துவதற்குச் செலவு செய்யுங்கள். இந்த வெயிலிலும் மழையிலும் பெரிய வித்தியாசம் காட்டுவது அதுதான்.

ஜப்பானில் ஓரிரு வருடம் ஆடிவிட்டுக் கொடுத்த செட்டுகள் நம் நாட்டுக் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. அங்கே பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள், அதனால் நல்ல நிலையில் இருக்கும். வாங்கும்போது பந்தில் படும் மட்டை முகத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். முகத்தில் வெட்டியிருக்கும் கோடுகளில் நகம் தடுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் கோடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தலையும் தண்டும் சேரும் இடத்தில் கருப்பு வளையம் ஒன்று இருக்கும். அது மேலே நகர்ந்து இடைவெளி தெரிந்தால் உள்ளே பசை இளகியிருக்கலாம். தண்டை மேசை விளிம்பில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். போலிச் சரக்கும் நடமாடுகிறது. வரிசை எண் உள்ள செட்டாக இருந்தால் எழுத்தின் கூர்மையைக் கவனியுங்கள். விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் நம்பவே வேண்டாம்.

இன்னொன்று, அடியில் பொறித்திருக்கும் எண்ணை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடக் கூடாது. பழைய 7 அயர்னின் முகச் சாய்வு 34 டிகிரி சுமாருக்கு இருக்கும். இப்போது வரும் பல செட்டுகளில் அதே 7 அயர்ன் 30க்கும் கீழே இறங்கிவிட்டது. பந்து கூடுதல் தூரம் போகிறது, சரி. ஆனால் பிட்சிங் வெட்ஜும் 43, 44 என்று நிமிர்ந்துவிடுவதால், அதற்கும் மணல்குழியில் எடுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் பெரிய ஓட்டை விழுகிறது. அதை அடைக்க இன்னொரு மட்டை வாங்க வேண்டும். பையில் 14க்கு மேல் வைக்க விதி இடம் கொடுக்காது. என் பிட்சிங் வெட்ஜ் 46. அடுத்து 52, அப்புறம் 56. நூறு மீட்டருக்குள் எந்த மட்டையை எடுப்பது என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை.

நான் ஃபோர்ஜ்ட் தேடிப் போனது பேருக்காக இல்லை. மிசுனோ ஹிரோஷிமாவில் அடித்துச் செய்யும் இந்தத் தலைகள் மென்மையான கார்பன் எஃகு. இயந்திரத்தில் வைத்துச் சாய்வையும் படுகையையும் ஓரிரண்டு டிகிரி வளைத்துக்கொள்ளலாம். வார்ப்பில் செய்த கடினமான ஸ்டெயின்லெஸ் தலைகளில் பல அவ்வளவு எளிதாக வளைந்து கொடுக்காது.

படுகை என்று நான் சொல்வது, மட்டையைத் தரையில் வைக்கும்போது தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை. இதைப் பார்க்காமல் மட்டை வாங்குவது அளவு கொடுக்காமல் சட்டை தைப்பது போலத்தான். கடையில் உயரத்தைக் கேட்பார்கள், ஆனால் உயரம் மட்டும் போதாது. கையைத் தொங்கவிட்டு நின்று மணிக்கட்டிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கை நீளம் வேறாக இருக்கும்.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது பட்டணத்துக் கடை இல்லை. எங்கள் திடலில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் சிறுவனாகப் பை தூக்கிய ஐயா ஒருவர். நான் அடிக்கும் பந்து விடாமல் வலப்பக்கம் ஒதுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் பந்தின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு தடித்த கோடு போட்டார். கோடு என் மட்டை முகத்தைப் பார்த்து நேர்க்குத்தாக இருக்கும்படி புல்லில் வைத்தார்.

"அடி தம்பி. பந்து எங்க போவுதுன்னு பாக்காத லா, முகத்துல கோடு எப்படி விழுதுன்னு பாரு."

"சாஞ்சு விழுந்திருக்குங்கய்யா."

"மேல் முனை எந்தப் பக்கம்? தண்டு பக்கமா? அப்போ மூக்கு மண்ணுல குத்துது. ரெண்டு டிகிரி நிமித்தச் சொல்லு."

முகத்தில் ஒட்டிய மையில் கோட்டின் மேல் முனை தண்டுப் பக்கம் சாய்ந்தால், மட்டை உங்களுக்கு அதிகம் படுத்திருக்கிறது. வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்பக்கம் போகும். ஐயா மூக்கு என்று சொன்ன தலையின் நுனிப் பக்கம் சாய்ந்தால் அதிகம் நிமிர்ந்திருக்கிறது, பந்து இடப்பக்கம் இழுக்கும். நடுத்தர அயர்னில் ஒரு டிகிரி பிசகினாலும் பந்து கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், சில மீட்டர் தள்ளிப்போகலாம். ஐயா சொன்னபடியே செட் முழுவதையும் 2 டிகிரி நிமிர்த்தினேன். கட்டணம் மட்டைக்கு 10 வெள்ளி (ரிங்கிட்). இந்த ஆறேழு வருடத்தில் நான் செய்த செலவிலேயே அதிகப் பலன் கொடுத்தது அதுதான். மென்மையான எஃகு அடிபட அடிபடக் கொஞ்சம் நகரும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப்போய்ச் சரிபார்த்துக்கொள்கிறேன், குறிப்பாக அடிக்கடி பயிற்சிக்கு எடுக்கும் 7ஐயும் 9ஐயும்.

தண்டு விஷயத்தில் நம்மவர்கள் வீராப்புக் காட்டுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. டைனமிக் கோல்ட் எஸ்300 கிட்டத்தட்ட 130 கிராம். உடல்வாகும் வேகமும் உள்ளவர்களுக்கு அருமையான தண்டு. என் செட்டில் வந்தது நிப்பான் என்எஸ் ப்ரோ 950, நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பகல் பதினொரு மணிக்கு, காற்றே இல்லாமல், செம்பனை ஓலைகூட அசையாத நேரத்தில், 9 குழியை இரண்டாம் முறை சுற்றும்போது, பதினான்காவது குழிக்கு நடந்து பாருங்கள், அந்த 30 கிராம் என்ன செய்கிறது என்று தெரியும். காலையில் எல்லாத் தண்டும் இலேசாகத்தான் இருக்கும். வாங்குவதற்கு முன் களைத்துப்போன நேரத்தில் ஒரு வாளி பந்து அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய பட்டணத்துக் கடை ஒன்றில் பத்துப் பந்து அடிக்கவிட்டு, குளிரூட்டிய அறையிலேயே எனக்கு ஸ்டிஃப் (விறைப்பான) தண்டை விற்கப் பார்த்தார்கள். நான் வாங்கவில்லை.

இப்போது கைப்பிடி. எனக்குக் கேட்டால் நம் நாட்டில் மட்டையின் முதல் உறுப்பே இதுதான். வியர்வை, உடம்பில் பூசும் வெயில் கிரீம், தூசி எல்லாம் சேர்ந்து ரப்பரின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிவிடும். பிடி வழுக்குகிறது என்று கை தானாக இறுக்கும். இறுக்கினால் மணிக்கட்டு மடங்காது, அடி கெட்டுவிடும். வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவித் துடைத்து நிழலில் வையுங்கள். சொரசொரப்பு திரும்பி வரும். கழுவியும் வரவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம். கைப்பிடி செய்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அல்லது 40 சுற்றுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வாராவாரம் ஆடுபவருக்கு நம் ஈரப்பதத்தில் அது மிகையே இல்லை.

பருமனும் முக்கியம். சரியான பிடியில் இடக்கையின் நடு இரண்டு விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். அழுந்திக் குத்தினால் பிடி மெலிசு, எட்டவே எட்டாவிட்டால் தடிப்பு. என் கைக்கு ஸ்டாண்டர்ட் கொஞ்சம் மெலிசு, மிட்சைஸ் தடிப்பு. அதனால் ஸ்டாண்டர்ட் பிடிக்கு அடியில் இரண்டு சுற்றுக் கூடுதல் டேப். டேப்பை அள்ளிச் சுற்றிவிடக் கூடாது. பிடிப் பக்கம் நாலைந்து கிராம் ஏறினாலே தலை இலேசானது போல ஆகி, மட்டை வீசும்போது தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாமல் போகும்.

மாற்றுவது வீட்டிலேயே ஆகிற வேலை. பழைய பிடியைக் கொக்கிக் கத்தியால் உடம்புக்கு வெளிப்பக்கமாகக் கிழித்து எடுங்கள். கிராஃபைட் தண்டு என்றால் கத்தி நார் மேல் படாமல் மெதுவாக. பழைய டேப்பைப் பசையோடு சுரண்டிவிட்டு, இரட்டைப் பக்க டேப்பை நீளவாக்கில் ஒட்டி, நுனியில் அரை அங்குலம் நீட்டிவிட்டு அதைத் தண்டுக்குள் மடித்துத் திணியுங்கள். புதுப் பிடியின் முனை ஓட்டையை, பந்தை நிறுத்தும் டீ ஆணியால் அடைத்து, உள்ளே டர்ப்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வடிய விடுங்கள். உடனே பிடியை ஒரே மூச்சில் தள்ளுங்கள். தயங்கினால் பாதியில் நின்றுவிடும். உள்ளே போனதும் ஒரு நிமிடம்போலத் திருப்ப இடம் கொடுக்கும். மட்டை முகத்தை நேராக வைத்துப் பிடியின் குறியைப் பொருத்துங்கள். ராத்திரி முழுக்கக் காயட்டும். கோல்ஃப் பிரைட் டூர் வெல்வெட் போடுகிறேன். மழைக்கு நூல் கலந்த பிடி இன்னும் உறுதியாக நிற்கும், கை தோல் தாங்கினால் அதையே போடுங்கள்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பால்மரம் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே, 1848 வாக்கில், மலாயாக் காட்டில் வளரும் தாபான் மரத்தின் பாலை உருட்டிச் செய்த பந்துதான் ஸ்காட்லாந்தில் விலை உயர்ந்த இறகுப் பந்தை ஓரங்கட்டி, சாதாரண மக்களுக்கும் கோல்ஃபைக் கொண்டுவந்தது. ஐம்பது வருடம் உலகம் அந்தப் பந்தில்தான் ஆடியது. இந்த விளையாட்டு நமக்குச் சம்பந்தமில்லாதது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மண்ணுக்கு வருவோம். எங்கள் ஃபேர்வேயில், அதாவது குழியை நோக்கி ஆடிப்போகும் புல்வெளியில், அகல இலை மாட்டுப்புல். அதற்கு அடியில் மழை பெய்தால் குழையும் செம்மண். இந்தத் தரையில் வெட்ஜின் அடிப்பாகம் கூராக இருந்தால் புல்லைக் கிழித்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும், பந்து இரண்டு அடி தள்ளி விழும். அடி வளைவை பவுன்ஸ் என்பார்கள், டிகிரியில் எழுதியிருக்கும். 10க்கு மேல் பார்த்து வாங்குங்கள். என்னுடையது வோக்கி 56 டிகிரி வெட்ஜ், பவுன்ஸ் 14. ஈரத் தரையில் அடி வழுக்கிக்கொண்டு போகிறது, மண் கவ்வுவதில்லை. ஒரு குறை உண்டு. மழைக்குப் பிறகு பங்கர் என்னும் மணல்குழியில் மணல் இறுகிக் கிடக்கும்போது இதே அடிப்பாகம் எகிறி, பந்தின் வயிற்றில் அடித்துவிடும். அந்த நேரத்தில் முகத்தைத் திறக்காமல் 52ஐ எடுக்கிறேன்.

நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலை 460 சிசிக்கு மேல் போக விதி விடாது. பத்து வருடப் பழையதும் அந்த அளவில்தான் இருக்கிறது. புதியது வாங்கினால் தூரம் கொட்டும் என்று நினைக்க வேண்டாம்.

பராமரிப்பில் பெரும்பாலோர் கவனிக்காத இடம் பையின் அடி. மழையில் நனைந்த பையின் அடியில் தண்ணீர் தேங்கும். மட்டைகள் பிடிப்பக்கம் கீழாக அதிலேதான் நிற்கும். பிடியின் முனையில் ஊசி அளவு ஓட்டை இருக்கிறதல்லவா, தண்ணீர் அதன் வழியாக எஃகுத் தண்டுக்குள் ஏறும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். மட்டையைத் தலைகீழாக்கிக் குலுக்கும்போது உள்ளே மணல் போலச் சரசரத்தால் அது துருச் செதில். ஆட்டம் முடிந்ததும் எல்லா மட்டையையும் வெளியே எடுத்து, துடைத்து, பையைக் கவிழ்த்து வையுங்கள். நான் பிடி மாற்றும்போது அந்த ஓட்டையை ஒரு துளி சிலிக்கானால் அடைத்துவிடுகிறேன்.

தலையைப் பொறுத்தவரை, குரோம் பூச்சு தேய்ந்த இடத்தில் ஃபோர்ஜ்ட் துருப்பிடிக்கும். என் 7ஆம் எண்ணின் நடு முகத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஆட்டத்துக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, இயந்திர எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு தடவு தடவி வைத்தால் போதும். கோடுகளில் செம்மண் காய்வதற்கு முன்பே நைலான் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். காரின் பின்பெட்டியில் செட்டை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பழக்கம் எங்கள் ஆலையில் பலருக்கு உண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் ஏறும் சூட்டில் தலையைப் பிடித்திருக்கும் எபாக்ஸி பசை பலம் இழக்கும், பிடிக்கு அடியிலுள்ள டேப் பசையும் இளகும். செட் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், காற்றோட்டமான மூலையில்.

அயர்ன்கள் இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும். மாற்ற வேண்டியது 56தான். கோட்டில் நகம் தடுக்காமல் போய்விட்டது, கிரீனில் பந்து முன்பு நின்ற இடத்தைத் தாண்டி உருளுகிறது. வருகிற மழைக்காலத்துக்கு முன் அதே 14 பவுன்ஸில் புதிதாகவே வாங்கப் போகிறேன். வெட்ஜ் மட்டும் பழையது வாங்குவதில்லை.