படத்தை மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்: ஆரம்ப வகுப்புக்கான தமிழ்த் தளங்களோடு ஐந்து வருடம்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் நான் தமிழ் கற்பிக்கும் இணையத்தளங்களைத் தேட ஆரம்பித்தேன். என் வீடு மட்டக்களப்பில், வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில். மண்முனைப் பாலம் தாண்டிப் போய், மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். அன்றிலிருந்து முப்பது தளங்களாவது பார்த்திருப்பேன். இன்றும் என் வகுப்பில் இருப்பவை மூன்றுதான்.

முதலில் எனக்குப் பிடித்தவை விளையாட்டுத் தளங்கள். சொல் வரும், நான்கு படம் வரும், சரியானதைத் தொட்டால் மணி அடிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு மாதத்தில் தரம் 2 பிள்ளைகள் எல்லோரும் முழுப் புள்ளி எடுத்தார்கள். அதே சொற்களைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு வரவில்லை. "படத்தப் பார்த்துத்தான் டீச்சர் அமத்தினேன்" என்றான் ஒருவன். ஒவ்வொரு தடவையும் அதே படங்கள்தான் வந்தன. பிழைத்தால் அடுத்ததைத் தொடலாம். எழுத்தைப் பார்க்கவே தேவையில்லை. அப்புறம் எந்தத் தளத்தையும் ஒரு தாளால் படத்தை மூடிவிட்டுத்தான் சோதிக்கிறேன். படம் போனதும் பிள்ளைக்கு வாசிக்க ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சாவிட்டால் அது வாசிப்புப் பாடத்துக்கு உதவாது.

அடுத்த விஷயம் சொற்கள். நாங்கள் கதிரை என்கிறோம், தளங்களில் நாற்காலி. யன்னலுக்கு ஜன்னல், பப்பாசிக்குப் பப்பாளி, சப்பாத்துக்குக் காலணி. இது சின்ன விஷயம் என்று சொன்னவர்கள் உண்டு. தரம் 4, 5 பிள்ளைகளுக்கு உண்மையில் சின்ன விஷயம்தான், புதுச்சொல் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளையின் நிலை வேறு. அது நா-ற்-கா-லி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு கடைசியில் வந்து சேரும்போது, தனக்குத் தெரிந்த ஒரு சொல் அங்கே காத்திருக்க வேண்டும். அப்போதுதான் சரியாக வாசித்தேன் என்று அதற்கே விளங்கும். தெரியாத சொல் வந்தால், தான்தான் பிழைவிட்டதாக நினைத்துத் திரும்பவும் முதலிலிருந்து கூட்டும். மூன்று தரம் கூட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒலிப்பதிவுகளிலும் இதே சிக்கல். இந்தியக் குரலில் "காற்று" என்பதில் ரகரம் சேர்ந்து ஒலிக்கும், எங்கள் பக்கத்தில் அப்படி ஒலிக்காது. சொல்வதெழுதலுக்கு அந்தப் பதிவுகளைப் போட்டுப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

இந்த இடத்தில்தான், நான் சொன்ன மூன்றில் முதலாவதான ஸ்டோரிவீவர் எனக்குக் கைகொடுத்தது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய தளம் இது. தமிழில் நிறையக் கதைகள் உண்டு. அங்கேயும் இந்தியத் தமிழ்ச் சொற்கள்தான், ஆனால் கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் உரிமத்தையும் விடாமல் போட்டு, மாற்றம் செய்ததையும் குறிப்பிட்டால் போதும். சொல்லை மாற்றலாம், அச்சடிக்கலாம், பகிரலாம். நான் ஜன்னலை யன்னலாக்கினேன். நீண்ட வசனங்களை இரண்டாக உடைத்தேன். கதைகளை நான்கு படிநிலையாகப் பிரித்திருக்கிறார்கள், அதை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம். முதல் நிலைக் கதையில் மூன்றே சொல்லில் ஒரு வசனம் இருக்கும், அதில் ஒன்று "ஓடிக்கொண்டிருந்தார்கள்" என்று இருக்கும். தமிழில் ஒரு சொல்லே ஒரு வரி நீளம் போகும். எத்தனை சொல் என்று எண்ணாமல், மிக நீளமான சொல் எது என்று பார்த்து எடுங்கள்.

அதைவிடப் பெரிய பயன், எழுத்தாக்கப் பாடத்தில் கிடைத்தது. கதையின் படங்களை மட்டும் எடுத்து, கீழே வெற்று வரி விட்டு, பிள்ளைகளிடம் கொடுத்தேன். யாரோ எங்கேயோ வரைந்த குளம் எங்கள் பிள்ளைகளின் கையில் வாவியாகிவிட்டது. தோணி வந்தது, இறால் வந்தது. தரம் 3 பிள்ளை ஒன்று "மறுகா அம்மம்மா வந்தா" என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனையை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தேன். அம்மம்மா பேசும் இடத்தில் "மறுகா" இருக்கட்டும், நீ கதை சொல்லும் இடத்தில் "பிறகு" என்று போடு என்றேன். பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் உள்ள வித்தியாசத்தை அதற்கு முன் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அந்த வகுப்புக்கு அது விளங்கியது.

இரண்டாவது, இலங்கை அரசின் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளம். பாடசாலைப் பாடநூல்கள் பிடிஎப்பாக இலவசமாகக் கிடைக்கும். மாரியில் வெள்ளம் வந்து புத்தகம் நனைந்துபோன பிள்ளைகளுக்குத் தேவையான பக்கங்களை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது, 'நூலகம்' என்ற பெயருடையது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்துவரும் தளம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் பற்றிப் பாடம் தயாரிக்கும்போது அங்கேதான் போவேன். சின்ன வகுப்புகளுக்கு நேரடியாகக் கொடுக்க முடியாது, ஏனென்றால் பழைய நூல்களில் லை, னை, றா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். தரம் 5க்கு அதையே ஒரு பாடமாக்கலாம். "இது என்ன எழுத்து, யானைத் தும்பிக்கை மாதிரி?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த கதையை அங்கிருந்து தொடங்குவேன்.

நடைமுறையில் சில விஷயங்கள். இறக்கி வைக்க முடியாத தளம் எங்களுக்குச் சரிவராது. நான் இரவில் வீட்டில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோகிறேன். 2022இல் மணித்தியாலக் கணக்கில் மின்சாரம் நின்றபோது அச்சடித்து வைத்திருந்தவைதான் கைகொடுத்தன. அச்சடிப்பதென்றால் கோட்டோவியம் உள்ள கதைகளாக எடுங்கள், வண்ணப் படம் போட்டோக்கொப்பியில் கறுத்துப்போகும். ஆசிரியர்கள் பகிரும் பயிற்சித்தாள்கள் பல இன்னும் பாமினி என்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கின்றன. போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடப்பதுபோல் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே பயன்படும், மாற்றியதும் ஒருதரம் முழுதாக வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

இப்போது வகுப்பில் ஒரு காட்போட் பெட்டியில் அறுபது கதைத்தாள் கொத்துகள் இருக்கின்றன, பாதி பிள்ளைகளே எழுதியவை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தரம் 4 பிள்ளைகள் தரம் 2க்குப் போய் அவற்றை வாசித்துக் காட்டுகிறார்கள்.