டயானா கிராலின் 'குவயட் நைட்ஸ்': பழைய அமெரிக்கப் பாட்டுக்கு பிரேசில் நடை

போஸா நோவா (பிரேசிலின் மென்மையான தாள இசை) ஆல்பம் என்று நம்பி ஜாஸ் பாடகி டயானா கிராலின் 'குவயட் நைட்ஸ்' வாங்குகிறவர்கள் பாடல் பட்டியலை முதலில் பார்த்துவிடுவது நல்லது. 2009-ல் வெர்வ் இசை நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் பிரேசிலில் பிறந்தவை நான்குதான். மீதி ஆறும் அமெரிக்கப் பாடல்கள். ஆனால் பிரேசில் நடை அழகாகக் கைகூடியிருப்பது அந்த அமெரிக்கப் பாடல்களில்தான். ஆல்பத்தை வாங்கலாமா என்று யோசிப்பவருக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுவே.

முதல் பாட்டு 'வேர் ஆர் வென்' 1937-ல் ஒரு பிராட்வே நாடகத்துக்காக எழுதப்பட்டது. பலர் இதை ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரத்தையும் நீட்டி, உருகிப் பாடுவார்கள். கிரால் வரியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறார். அடுத்த வரியைத் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி எடுக்கிறார். மெதுவான பாலட் நடையில் இப்படிப் பிந்தினால் பாட்டே தொய்ந்துபோகும். போஸா நோவாவில் அந்த ஆபத்து குறைவு. கிட்டார் வாசிப்பவரின் கட்டைவிரல் தாளத்தின் இரண்டு அடிகளையும் பிசகாமல் தட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் அடிக்கு முன்னும் பின்னுமாகக் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) இடுகின்றன. அடித்தளம் அசையாததால் குரல் தன் இஷ்டத்துக்கு உலவலாம். ஆந்தனி வில்சனின் கிட்டாரும் ஜான் கிளேட்டனின் டபுள் பாஸும் ஜெஃப் ஹாமில்டனின் டிரம்ஸும் அந்தத் தளத்தைக் கடைசிவரை காக்கின்றன.

இன்னொரு தூண், இந்த ஆல்பத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா எழுதிய கிளாஸ் ஓகர்மன். 1967-ல் அமெரிக்கப் பாடகர் சினாட்ராவும் பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமும் சேர்ந்து செய்த ஆல்பத்துக்கும், 1977-ல் பிரேசில் பாடகர் ஜோவாவ் ஜில்பெர்டோவின் 'அமோரோசோ'வுக்கும் ஆர்க்கெஸ்ட்ரா எழுதியவர் இவர்தான். அவருடைய வயலின்கள் பாடகியின் மெட்டோடு ஒட்டி ஓடுவதில்லை. பாடகி மூச்செடுக்கும் இடைவெளியில் நுழைந்து, அடுத்த சொல் வருமுன் விலகிவிடுகின்றன. தலைப்புப் பாடல் ஜோபிமின் 'கொர்கோவாடோ'வின் ஆங்கில வடிவம். அதற்கு ஓகர்மன் செய்த ஆர்க்கெஸ்ட்ரா அமைப்புக்கு 2010-ல் கிராமி கிடைத்தது; முற்றிலும் தகுதியான விருது.

'வாக் ஆன் பை' பாடலைத் தனியாகச் சொல்ல வேண்டும். டியோன் வார்விக் 1964-ல் புகழ்பெறச் செய்த பாப் பாட்டு இது. இங்கே வேகம் குறைந்து, அழுகையை அடக்கிக்கொண்டு நடந்துபோகிற ஒருத்தியின் பாட்டாகிவிட்டது. ஆல்பத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

குறைகளும் உண்டு. 'எஸ்தே செவ் ஒல்யார்' பாடலை கிரால் போர்ச்சுகீஸிலேயே பாடுகிறார். ஒவ்வொரு அசையையும் கவனமாக எடுத்துவைப்பது காதில் விழுகிறது. மூக்கொலிகளும் மெல்லிய லகரமும் பேச்சுபோல வழுக்கிப்போகாததால் பாட்டின் சோம்பல் சுகம் பாதி காணாமல் போகிறது. 'தி பாய் ஃப்ரம் இபனீமா', 'தி கேர்ள் ஃப்ரம் இபனீமா' என்ற பாட்டுதான்; பெண்ணுக்குப் பதில் ஆணை வைத்திருக்கிறார்கள். இந்தப் பாட்டின் உயிர் நடுப்பகுதியில் இருக்கிறது. மெட்டு அரைச்சுரம் மேலேறி, பார்த்துக்கொண்டு நிற்பவரின் ஏக்கம் வெளிப்படும் இடம் அது. இங்கே அந்த ஏக்கம் இலேசான விளையாட்டாகக் கடந்துவிடுகிறது.

எல்லாப் பாடல்களும் ஏறக்குறைய மெதுவானவை. ஒரே மூச்சில் கேட்டால் ஆறாவது பாட்டுக்குள் காது சலித்துவிடும். 1, 2, 3, 5 என்று கேட்டு, கொஞ்ச நேரம் விட்டு, 6, 9, 10 கேட்பது சரியாக வரும். பத்தாவதான 'கெஸ் ஐ'ல் ஹேங் மை டியர்ஸ் அவுட் டு டிரை' பாட்டில் போஸா சாயல் அறவே இல்லை. ஆனாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

கைபேசி ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்பது வீண். பாஸ் காணாமல் போனால் தாளத்தின் அடி போய்விடும். வயலின் மட்டும் மிஞ்சித் திகட்டும். ஹெட்ஃபோனில், குறைந்த ஒலியில் கேளுங்கள். குரலை மைக்குக்கு மிக அருகில் வைத்துப் பதிந்திருப்பதால் டிரெபிளை ஏற்றினால் 'ஸ்' ஒலிகள் குத்தும்.

பிரேசில் பக்கமே அதிகம் வேண்டுமென்றால் 'அமோரோசோ'வை முதலில் வாங்குங்கள். தயாரிப்பாளர் டாமி லிபூமா, ஒலிப்பதிவாளர் ஆல் ஷ்மிட், ஓகர்மன் என 'குவயட் நைட்ஸ்' செய்த அதே மூவர் கூட்டணி. அதில் ஜில்பெர்டோ எதிர்த்திசையில் வந்து, அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் பாட்டை பிரேசில்காரராகவே பாடுகிறார். கிராலின் ஆங்கிலக் குரல்தான் வேண்டும் என்பவர்களுக்கு, இதே மூவர் 2001-ல் செய்த 'தி லுக் ஆஃப் லவ்' அடுத்த ஆல்பமாகப் பொருந்தும்.