இரவல் வந்த அரும்பொருளை வகுப்பறையில் எதில் வைப்பது: குளிரறையா, உலர் அலமாரியா, ஜெல் பெட்டியா?

ஏப்ரலில் தமிழ்மொழி விழா நெருங்கும்போது சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பழம்பொருள்களைத் தேடும் வேலை தொடங்கிவிடும். ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, பல்லாங்குழிப் பலகை, வெற்றிலைப் பெட்டி, நாலைந்து ஓலைகள். அரும்பொருளகத்திடமிருந்து இரவலாக வந்துவிட்டால், திருப்பிக் கொடுக்கும் நாள்வரை கையெழுத்துப் போட்ட ஆசிரியர்தான் பொறுப்பு. எங்கே வைப்பது என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிடும். பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் குளிர்சாதன அறையின் கண்ணாடி அலமாரி, கேமரா கடையில் விற்கும் மின்சார உலர் அலமாரி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு இறுக மூடிய பிளாஸ்டிக் பெட்டி என்று வழிகள் மூன்று. மூன்றையும் வைத்துப் பார்த்த பிறகு நாங்கள் தேர்ந்தது பெட்டியை.

பூட்டு, நேர் வெயில் படாத இடம், தரையிலிருந்து ஓரடி உயரம், பக்கத்தில் சாப்பாடு கூடாது என்பதெல்லாம் மூன்றுக்கும் பொது. முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஆளில்லாத நேரத்தில், மின்சாரம் நின்ற நேரத்தில், உள்ளே ஈரப்பதம் என்ன ஆகிறது?

சிங்கப்பூரில் விடிவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 வரை இறங்கும். 65, 70 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் ஓலை, மரம், துணி ஆகியவற்றில் பூஞ்சை பிடிக்கும். மரத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஈரம் தினமும் ஏறி இறங்கினால் அது விரிந்து சுருங்கி, ஒட்டிய இடத்தில் வாய் திறக்கும்.

குளிர்சாதன அறையைத்தான் முதல்வரிலிருந்து எல்லாரும் முதலில் சொல்வார்கள். இரவும் பகலும் ஓடினால் நல்ல இடம்தான். பள்ளியில் அப்படி ஓடாது. மாலை ஐந்து மணிக்கு நிறுத்துவார்கள். வார இறுதி முழுக்க மூடிக் கிடக்கும். ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. பகலில் 55, இரவில் 80 என்று ஈரம் ஊஞ்சலாடும். அதைவிட மோசமானது வியர்ப்பது. நம் ஊர்க் காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24, 25 டிகிரி. 22 டிகிரிக்குக் குளிர்ந்த அறையை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்தால், வெளிக்காற்று பட்டதும் விளக்கின் தண்டில் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். துடைத்தாலும் திருகு மறையின் இடுக்கில் இறங்கிய நீர் நிற்கும். பச்சைக் களிம்பு அங்கேதான் தொடங்கும். தினமும் நிறுத்தி நிறுத்தி ஓடும் குளிரறையைவிட, மின்விசிறி மட்டும் உள்ள சாதாரண வகுப்பறையில் மூடிய பெட்டியே மேல் என்பதற்கு இதுதான் காரணம்.

உலர் அலமாரி பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. வேண்டிய ஈரப்பத அளவைக் குறித்துவிட்டால் அது தானே பார்த்துக்கொள்ளும், கண்ணாடி வழியாகப் பிள்ளைகள் பொருளைப் பார்க்கலாம். ஆனால் கேமராவுக்கென்று செய்த பெட்டி என்பதால், கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 40 விழுக்காட்டிலோ அதற்குக் கீழோ வைத்திருப்பார்கள். பித்தளைக்கு அது சரி. ஓலைக்கும் பல்லாங்குழிப் பலகைக்கும் 50இலிருந்து 55 வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கினால் ஒன்று கெடும். இடைவேளைக்கு இடைவேளை கதவைத் திறந்தால், உள்ளே பழைய நிலை திரும்பச் சில மணி நேரம் ஆகும். இதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது பிளக்தான். யாரோ மடிக்கணினிக்காகப் பிடுங்குவார்கள். விடுமுறைக்கு முன் மாடி முழுக்க மின்சாரத்தை அணைப்பார்கள். திரையில் எண் மறைந்ததைப் பார்க்க அங்கே ஆள் இருக்காது. மின்சாரம் அணையாத பொது அலுவலகத்தில் இடம் கிடைத்தால் என் எதிர்ப்பில் பாதி குறைந்துவிடும். ஆனால் பொருள் வகுப்பை விட்டுப் போய்விடுமே!

இனி பெட்டி. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் பொறித்த பாலிபுரோப்பிலீன் பெட்டி, நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுவது, மூடியின் விளிம்பில் சிலிக்கோன் வளையம் உள்ளது. வளையமில்லாத பெரிய சாமான் பெட்டிகள் காற்றை விடும், அவை உதவாது. பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம், அதிலிருந்து அமில ஆவி வரும். உள்ளே வெள்ளைப் பாலிஎதிலீன் நுரைத் தகட்டைப் பொருளின் வடிவத்துக்கு வெட்டிப் படுக்கை செய்து, அமிலமில்லாத் தாளை விரியுங்கள். மெத்தைக் கடை மஞ்சள் நுரை சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகிப் பொருளில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

ஜெல்லின் அளவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 20 கிராம். 30 லிட்டர் பெட்டிக்கு 600 கிராம். மெல்லிய பருத்திப் பைகளில் பரப்பித் தைத்து, பெட்டியின் பக்கச் சுவர்களில் வையுங்கள். குவியலாக வைத்தால் நடுவிலிருக்கும் ஜெல் வேலை செய்யாது. பை பொருளைத் தொடவும் கூடாது.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில். சூடாக்கி முழுக்க உலர்த்திய ஜெல்லை உலோகத்தோடு வைக்கலாம். அதையே ஓலையோடு வைத்தால் ஈரம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய், ஓலை முறுக்கிக்கொண்டு கயிற்றுத் துளையிலிருந்து நீளவாக்கில் கீறும். அந்தக் கீறலைச் சேர்க்க வகுப்பறையில் வழியில்லை. எனவே பெட்டி இரண்டு வேண்டும். உலோகத்துக்கு ஒன்று, உலர்ந்த ஜெல்லோடு. மரத்துக்கும் ஓலைக்கும் ஒன்று, 50 விழுக்காட்டுக்குப் பக்குவப்படுத்திய ஜெல்லோடு, அதாவது பெட்டிக்குள் ஈரப்பதம் 50ஐ ஒட்டியே நிற்கும்படி முன்கூட்டியே ஈரம் ஏற்றிய ஜெல்லோடு.

பக்குவப்படுத்திய ஜெல்லை அரும்பொருள் பாதுகாப்புக்கான சாமான்கள் விற்பவர்களிடம் ஆயத்தமாக வாங்கலாம். அதை அடுப்பில் வைக்கக் கூடாது. வேறு வழியும் உண்டு, உலர் அலமாரிக்கு நான் ஒதுக்கும் வேலை அதுதான். அலமாரியை 50இல் வைத்து, ஜெல்லைத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை மாறாமல் நின்றால் தயார். பொறுமையாக இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பள்ளிக்கு ஒரு அலமாரி அலுவலகத்தில் நின்று ஜெல்லைப் பக்குவப்படுத்தட்டும். பெட்டிகள் வகுப்பு வகுப்பாகப் போகட்டும். விடுமுறையில் மின்சாரம் நின்றாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

ஜெல்லின் நிறத்தை நம்பாதீர்கள். ஆரஞ்சு ஜெல் 50 விழுக்காட்டை எட்டும் முன்பே நிறம் மாறிவிடும். பக்குவப்பட்ட ஜெல் எப்போதும் ‘ஈரம்’ என்றே காட்டும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, பிள்ளைகள் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் சிறு ஈரமானி ஒன்றை மூடி வழியாகத் தெரியும்படி வையுங்கள். அது பொய் சொல்கிறதா என்று சோதிப்பது எளிது. ஒரு புட்டி மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டு நீர்விட்டுச் சேறாக்கி, ஈரமானியோடு ஜிப் பையில் மூடி ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால், இனி அது காட்டுவதில் நாலைக் கழித்துப் படியுங்கள். ஓலைப் பெட்டி 58ஐத் தாண்டினால் பை மாற்றும் நேரம்.

பெட்டியின் குறை பிள்ளைகளின் கண்ணுக்குப் பொருள் எட்டாமல் போவது. பாட நேரத்தில் வெளியே எடுத்து, முடிந்ததும் திரும்ப வைப்பதுதான் வழி. ஒருமணி நேரம் வெளியே இருப்பதால் கெடாது. ஆனால் பொருள் அரும்பொருளகத்தின் குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்த அன்றே திறக்கக் கூடாது. மூடியபடி 24 மணி நேரம் அறையின் வெப்பத்துக்கு வரட்டும்.

எடுக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பொருள், இரு கைகளால், நுரை விரித்த மேசைமேல். குத்துவிளக்கு பெரும்பாலும் மறை போட்டுச் சேர்த்த துண்டுகள். உச்சியைப் பிடித்துத் தூக்கினால் கழன்று தட்டோடு கீழே விழும். ஒரு கை அடித்தட்டின் கீழே, மற்றது தண்டில். உலோகத்துக்கு நைட்ரில் கையுறை வேண்டும், பிள்ளைகளுக்குச் சின்ன அளவில் வாங்குங்கள். ஓலைக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கையே நல்லது; கையுறை ஓலை விளிம்பில் சிக்கும்.

புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று திருப்பிக் கொடுக்கும் ஆசை நம் வீட்டுப் பழக்கம். இரவல் விளக்குக்கு அது வேண்டாம். அமிலம் மேல்படலத்தைத் தின்றுவிட்டுச் செதுக்குகளில் தங்கிவிடும். திரி, எண்ணெய், குங்குமம் எதுவும் கூடாது. ஓலைக்குப் புல்லெண்ணெய் (எலுமிச்சைப் புல்லின் எண்ணெய்) தடவுவதும் அரும்பொருளகத்துப் பாதுகாப்பாளரின் வேலை. பெட்டியில் பூச்சியின் தூள் தெரிந்தாலும் மருந்து அடிக்காமல், மூடி ஒட்டி அவர்களைக் கூப்பிடுங்கள்.

பட்டுப் புடவைக்கு இந்தப் பெட்டியை ஒரு பருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்ததில்லை. மடிப்பில் தாள் உருளை வைத்தும் கோடு விழுகிறது. பத்து வாரத்துக்கு மேல் இரவல் என்றால், புடவையைத் தாள் சுற்றிய குழாயில் சுருட்டித் தரும்படி அரும்பொருளகத்திடமே கேட்டு வாங்குவேன்; அந்தக் குழாய் 30 லிட்டர் பெட்டிக்குள் அடங்காது.